வாயில் படாத பேர்பன்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் எல்லர் பகுதியில் ஒரு பெரிய பானக் கடை இருக்கிறது. எங்கள் தமிழாட்கள் பலருக்கு நடந்து போகிற தூரம். வாகனம் நிறுத்தவும் தாராளமாக இடம் உண்டு. ஆனாலும் நாங்கள் கால்மணி நேரம் கார் ஓடி வேறு கடைக்குப் போய்த்தான் பியர் வாங்குவோம். காரணம் றோசம்மா.

அந்தக் கடையில் வெறும் போத்தல்களைத் திருப்பி எடுக்கும் மேசையில் பத்தொன்பது வருடமாக நின்றவர் றோசம்மா. இந்த நாட்டில் குடித்து முடித்த போத்தலைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்கவேண்டும். யார் என்ன குடிக்கிறார், கிழமைக்கு எத்தனை தரம் வருகிறார் என்பதெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் வெளிச்சமாகிவிடும். ஞாயிறு பூசையில் என் மனைவிக்குப் பக்கத்து வாங்கில் இருக்கப்போகிற ஒரு பெண்ணுக்கு முன்னால் என்னுடைய சனிக்கிழமையைக் கொண்டுபோய் அடுக்கிவைக்க எனக்கென்ன பைத்தியமா? நியாயமாகச் சொன்னால் அவர் இத்தனை வருடத்தில் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. எங்களுக்குத்தான் நெஞ்சு குறுகுறுத்தது.

நான் ஜேசுரட்ணம். எல்லரில் ஒரு விழா மண்டபத்தின் பராமரிப்பாளர். கல்யாணம், பிறந்தநாள், கிளப் கூட்டம் எல்லாவற்றுக்கும் கதவு திறப்பதும் பூட்டுவதும் என் வேலை. றோசம்மாவின் கணவர் செல்வரட்ணம் என் கூட்டாளி. ஆகவே நான் இங்கே எழுதுவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி அந்த வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டது. வெள்ளைக்காரர் பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியான டொச்சில். நான் எங்கள் வாய்க்கு மாற்றியிருக்கிறேன்.

றோசம்மாவின் வாயில் ஒரு சொட்டு மதுவும் படாது. அது ஒரு நேர்த்தி. மன்னாரில் அவருக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது தம்பி கிறிஸ்ரியனைக் காணவில்லை. குடும்பம் முழுக்க மடுமாதாவிடம் போய் அழுதது. தகப்பன் முழங்காலில் நடந்து வருவதாக நேர்ந்தார். தாய் தன் தாலிக்கொடியையே காணிக்கையாக நேர்ந்தார். றோசம்மா சற்று யோசித்து, "தம்பி உயிரோட வந்தால் என்ர வாயில ஒரு சொட்டுக் குடிவகை படாது" என்று நேர்ந்தார். கள்ளுத் தவறணை இருக்கிற ஒழுங்கையால்கூட நடந்திராத பெண்! பதினெட்டாம் நாள் தம்பி வந்துவிட்டான். தாயின் தாலிக்கொடி போயிற்று, தகப்பனின் முழங்கால் தேய்ந்தது, றோசம்மாவுக்கு ஒரு நட்டமும் இல்லை.

"மாதா என்ர கள்ளத்தைக் கண்டுபிடிச்சிட்டா அண்ணை," என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். "அதுதான் என்னைக் கொண்டுவந்து ஆயிரம் சாராயப் போத்திலுக்கு நடுவில விட்டிருக்கிறா."

அந்தக் கடையில் ஒரு ஆலோசகர் இருந்தார், லோரென்ஸ் என்று. கொண்டாட்டம் வைக்கிறவர்கள் அவரிடம்தான் போவார்கள். எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று கேட்டு, எந்தப் பியர், எந்த வைன் என்று அவர் எழுதிக் கொடுப்பார். அவருக்குத் தனி மேசை, தனிக் கதிரை, சட்டையில் பெயர்ப் பட்டி. அவர் ஐப்பசியில் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் றோசம்மா அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். மகள் சுஜீவா எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். கிளை முகாமையாளர் வென்சல் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்பார் றோசம்மா. இரக்கப்பட்டாராம்.

"உங்களைப்போல ஒரு உழைப்பாளி எனக்குக் கிடையாது," என்றார் வென்சல். "ஆனால் நீங்கள் வாழ்க்கையில் ஒரு பியர்கூடக் குடித்ததில்லை. ருசி தெரியாதவர் எப்படி ருசி சொல்வது? ஒரு பயிற்சிக்கு அனுப்புகிறேன். விழுங்கவேண்டாம். வாயில் எடுத்துத் துப்பினால் போதும். பெரிய நிபுணர்களே அப்படித்தான் செய்கிறார்கள்."

றோசம்மா அந்த ஞாயிறு பூசை முடிய எங்கள் பாதரிடம் போய்க் கேட்டார். பாதர் நல்ல மனிதர், உடனே வழி விட்டார்.

"விழுங்காட்டில் அது குடி இல்லை பிள்ளை. துப்பிறது பாவம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

"பாதர், நான் விழுங்கமாட்டன் எண்டு நேரேல்லை. வாயில படாது எண்டுதான் நேர்ந்தனான்."

 பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சல்தான் வந்தது. தம்பி வந்து இருபத்தேழு வருடம். அவனுக்கே இப்போது தலை நரைத்து, பான் நகரில் வீடு வாங்கி, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். மாதா இன்னுமா கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள்? இதை நான் றோசம்மாவிடமே கேட்டேன். "அவ பாக்கமாட்டா அண்ணை. நான் பாப்பன்" என்றார். 

ஆனியில் லோரென்ஸ் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சைக்குப் போனார். அந்தக் கிழமையே கடைக்குள் வந்தார் ஃப்ராவ் ஷூர்மன், அதாவது திருமதி ஷூர்மன். எழுபது வயது, நெஞ்சு நிமிர்ந்த பெண், தலையில் கௌபாய் தொப்பி. எங்கள் மண்டபத்தில் கிழமைதோறும் வரிசை நடனம் ஆடுகிற கிளப்பின் தலைவி. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர் சப்பாத்தும் தொப்பியும் போட்டு, தாங்கள் ரெக்சாஸில் பிறந்தவர்கள் என்ற நினைப்பில் ஆடுவார்கள். பலர் ஹொலண்டுக்கு அங்கால் போனதில்லை. கிளப்புக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது, எல்லாமே அமெரிக்காவாக ஒரு கொண்டாட்டம் வைக்கிறோம், அமெரிக்க சைடர் என்கிற அப்பிள் மது வேண்டும், பேர்பன் விஸ்கி வேண்டும், பியர் வேண்டும் என்று கையில் ஒரு பட்டியலோடு வந்திருந்தார். பட்டியல் முழுக்க விளம்பரத்தில் வருகிற பெயர்கள்.

வென்சல் பட்டியலை வாங்கி அப்படியே கணினியில் தட்டத் தொடங்கினார். றோசம்மா வெறும் போத்தல் மேசையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"இதில மூண்டு சாமான் பாதியாத் திரும்பி வரும்," என்றார்.

ஃப்ராவ் ஷூர்மன் திரும்பினார். "எப்படித் தெரியும்?"

"இஞ்ச எல்லாம் என்ர மேசைக்குத்தான் திரும்பி வருது. இந்தப் பியரை ஆக்கள் பேருக்காக வாங்குவினம். போத்தில் வரேக்கை அடியில நாலு விரல் மிச்சம் இருக்கும். சில நேரம் சிகரெட் கட்டையும் இருக்கும். இந்தச் சைடர் சரியான இனிப்பு, ஆளுக்கு ஒண்டுக்கு மேல போகாது. ஒருத்தரும் ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் குடிக்கிற சாமான் வேற இருக்கு."

வென்சலுக்கு முகம் சிவந்தது. "இவர் மது குடிப்பதே இல்லை, மன்னியுங்கள்," என்றார் வாடிக்கையாளரிடம். ஃப்ராவ் ஷூர்மன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியென்றால் இந்தக் கடையில் தெளிந்த தலை இவர் ஒருவருக்குத்தான்! இவரே தெரிவு செய்யட்டும்."

அவர் போனபிறகு வென்சல் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் கடையில் விழாக்களுக்குக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொண்டுபோகலாம், திறக்காத பெட்டிகளைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கலாம். "ஐந்து பெட்டிக்கு மேல் திரும்பி வந்தால், இந்த விண்ணப்பத்தைப் பற்றி நாங்கள் இனிப் பேசுவதில்லை. ஐந்துக்குள் என்றால் லோரென்ஸின் கதிரை உங்களுக்கு."

றோசம்மா "சரி" என்றார்.  ஐம்பது வயதில் இன்னொரு சந்தர்ப்பம் வராது என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கிய முதுகு, அதற்கும் தெரியும்.

இறக்குமதிக்காரர்களிடம் இருந்து மாதிரிப் போத்தல்கள் வந்தன. குசினி மேசையில் முப்பத்திரண்டு போத்தல். செல்வரட்ணம் வாழ்நாளில் முதன்முறையாக மனைவியின் வேலையில் ஆர்வம் காட்டினார். "உனக்கு நாக்கு இல்லாட்டி என்ன, நான் இருக்கிறன்தானே" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ருசித்த எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கு" என்றார். ஆறாவதுக்குப் பிறகு றோசம்மா பச்சைத் தண்ணீரை வைத்துப் பார்த்தார். அதற்கும் "இதுதான் திறம்" என்றார். அத்தோடு அந்த நாக்குக்கு வேலை போயிற்று.

பிறகு றோசம்மா தன் வழியில் இறங்கினார். சிறு கிளாசில் இரண்டு விரலளவு ஊற்றி, மேலே சாசர் போட்டு மூடிப் பத்து நிமிடம் விடுவார். திறந்தவுடன் ஒரு தரம் மணப்பார். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, அது காய்ந்தபின் மணப்பார். "கை வேற, வாய் வேற" என்று மாதாவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார். வெறும் கிளாசைக் கழுவாமல் விட்டு அடுத்த நாள் காலையில் இன்னொரு தரம். அடுத்த அறையில் இருந்துகொண்டே கறித்தூளுக்கு மல்லி வறுபட்டது போதுமா இல்லையா என்று சொல்கிற மூக்கு அது. நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பேர்பன் சோளத்தில் செய்வது. உள்ளே தீயில் கருக்கிய புது மரப் பீப்பாயில் கிடந்து ஊறுகிறது. றோசம்மாவுக்கு முதல் கிளாசிலேயே பனங்கட்டி மணந்தது, அதற்குப் பின்னால் எரிந்த சிரட்டை. "அண்ணை, இதை எனக்குத் தெரியும்!" என்று எனக்குப் போன் எடுத்துக் கத்தினார். அதிலேயே வகை பிரித்தார். ஒன்றில் மிளகும் கராம்பும் முன்னுக்கு வந்தன, அது நெருப்பில் வாட்டிய இறைச்சிக்கு. இன்னொன்று வட்டிலப்பம் மணந்தது, அது இனிப்புக்கு. மூன்றாவது மூக்கைச் சுட்டது. அதை ஐஸ் கட்டியோடு கிழவர்களுக்கு என்று குறித்துக்கொண்டார்.

பியரில் அவர் காட்டியதுதான் மூளை. இந்த ஊர்க்காரர் தங்கள் அல்ட் பியரைத் தவிர வேறொன்றையும் மதிக்காதவர்கள். மண்ணிறம், சின்னக் கிளாஸ், கொஞ்சம் கசப்பு. அவர்களுக்கு எடுத்த எடுப்பில் தோடம்பழத் தோல் மணக்கிற அமெரிக்கப் பியரைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே முதலில் ஆம்பர் என்கிற செம்மண்ணிறப் பியர், முறுகின பாண் ஓரம் மணப்பது, அல்ட்டுக்குக் கிட்டிய உறவு. அது உள்ளே போனபிறகு பேல் ஏல் என்கிற வெளிர்நிறப் பியர், அதற்குப் பிறகுதான் மாங்காய்ப் பால் மணக்கிற கசப்புப் பியர். எல்லாம் அல்ட் குடிக்கிற அதே சின்னக் கிளாசில். சைடரில் இனிப்பு இல்லாத ஒன்று, கறுவாப்பட்டை போட்ட ஒன்று. விநாகிரி மணந்த நாலு வகையை ஒதுக்கினார்.

எல்லாம் சரி. கடைசியில் எத்தனை பெட்டி என்று எழுதுகிற இடத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் குட்டிச்சுவராக்கினோம்.

"அண்ணை, நூற்றிருபது பேர் வருவினம் எண்டு அந்த மனுசி எழுதித் தந்திருக்கிறா. உங்கட மண்டபம் எவ்வளவு கொள்ளும்?"

"இருநூறு கொள்ளும். நூற்றிருபது எண்டால் நூற்றிருபதே வரும்? இருநூறுக்குப் பார் பிள்ளை. குறைஞ்சால் மரியாதை போயிடும்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்," என்றார்.

எங்கள் வீட்டு விசேசம் எதிலாவது சொன்ன தொகைக்கு ஆட்கள் வந்தது உண்டா? இருநூறு பேருக்குச் சொன்னால் முன்னூறு பேர் வருவார்கள். லண்டனில் இருந்து நேற்று வந்திறங்கிய மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். வாறன் என்றும் சொல்லமாட்டார்கள், வரமாட்டன் என்றும் சொல்லமாட்டார்கள். சாப்பாடு மிஞ்சலாம், குறையக்கூடாது. அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு டொச்சுக் கிளப்பில் வைத்தோம்.

ஆனி கடைசிச் சனிக்கிழமை, நல்ல வெயில், பின்னேரம் இரண்டு மணிக்குக் கொண்டாட்டம். றோசம்மா காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார். அவர் வரவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பானம் வைத்த நீள மேசையில் ஒவ்வொரு வகைக்கும் முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் வைத்தார். ஒன்றில் பனங்கட்டித் துண்டு, ஒன்றில் கருக்கிய சிரட்டை, ஒன்றில் கராம்பும் மிளகும், ஒன்றில் தோடம்பழத் தோல், ஒன்றில் மாங்காய்க் காம்பு, ஒன்றில் அடுப்பில் முறுகவைத்த பாண். முதலில் கிண்ணத்தை மணக்கவேண்டும், பிறகு கிளாசை. அவ்வளவுதான் விளக்கம்.

வெட்கப்பட்டுக்கொண்டே முதல் ஆள் வந்தார். ஹைன்ஸ் என்று ஒரு பெரிய மீசைக்காரர், கிளப்பில் யாருக்கும் அடங்காதவர். "அமெரிக்கப் பியர் என்றால் கழுவின தண்ணி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். றோசம்மா நீட்டிய பாண் கிண்ணத்தை மணந்தார். பிறகு நீட்டிய ஆம்பர் கிளாசையும் மணந்தார், குடித்தார், மீசையைத் துடைத்தார்.

"இது எங்கள் அல்ட்டின் சித்தப்பா மகன்," என்றார். "அமெரிக்காவுக்குப் போய்க் கொஞ்சம் கொழுத்திருக்கிறான்."

அதற்குப் பிறகு அந்த மேசையடியில் கால் வைக்க இடமில்லை. தொப்பி போட்ட தலைகள் கிண்ணத்துக்கும் கிளாசுக்கும் குனிந்து நிமிர்ந்தன. பனங்கட்டியைக் கண்ட பெண் ஒருத்தி அதை வாயில் போட்டுக் கடித்துவிட்டுப் பேர்பனைக் குடித்து, "கடவுளே!" என்று கணவனைக் கூப்பிட்டாள். பிறகு எல்லோரும் பனங்கட்டியைக் கடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்க் கடையில் இன்னும் இரண்டு கிலோ வாங்கிவர என்னை ஓடவிட்டார்கள். றோசம்மா ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டீங்கள்? வழக்கமா என்ன குடிப்பீங்கள்? பிறகு ஒரு கிளாசை நீட்டுவார். ஒருவர்கூட அதை வேண்டாம் என்று திருப்பி வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். 

ஐந்து மணிபோல றோசம்மா ஃப்ராவ் ஷூர்மனிடம் கேட்டார்.

"மற்ற ஆக்கள் எத்தினை மணிக்கு வருவினம்?"

"எந்த மற்ற ஆட்கள்?"

"மிச்ச ஆக்கள்."

"நூற்றிருபது பேர் பதிந்தார்கள், நூற்றுப்பதினெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல். இன்னும் யார் வரவேண்டும்?"

றோசம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இருவரும் பின்னறைக்குப் போனோம். அங்கே சுவர் உயரத்துக்குத் திறக்காத பெட்டிகள். எண்ணினோம். இருபத்தொன்று. திரும்பவும் எண்ணினோம். இருபத்தொன்றேதான். ஐந்து எங்கே, இருபத்தொன்று எங்கே!  இருநூறு என்று சொன்ன வாய் என்னுடையது.

அந்த நேரம் பார்த்துத்தான் வென்சல் வந்து கதவடியில் நின்றார். அவரும் கொண்டாட்டத்துக்கு அழைக்கப்பட்டவர், கையில் பேர்பன் கிளாஸ். பெட்டிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். "மேசையில் நன்றாகச் செய்தீர்கள்," என்றார், "ஆனால் ஆலோசகர் என்றால் அளவும் தெரிந்திருக்கவேண்டும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"குடிக்கிறவைக்கு இன்னும் கொஞ்சம் ஊத்திக் குடுப்பமே?" என்றேன் நான்.

"சீ, விசர்க்கதை கதையாதேங்கோ," என்றார் றோசம்மா. "வெறிக்கப் பண்ணி வேலை எடுக்கிறதே?"

ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.  பிறகு தலையை நிமிர்த்தி, "அண்ணை, எங்கட வீட்டு விசேசத்தில சோறு மிஞ்சினால் என்ன செய்வம்?" என்றார்.

"பார்சல் கட்டிக் குடுப்பம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வெறுங்கையோடு ஆளை அனுப்புகிற வழக்கம் எங்களிடம் எங்கே இருக்கிறது? சோற்றையோ பலகாரத்தையோ ஒரு பையில் போட்டுக் கையில் திணித்துத்தான் வாசல் தாண்டவிடுவோம். றோசம்மா எழும்பி நேரே ஃப்ராவ் ஷூர்மனிடம் போனார். மிஞ்சியிருக்கிறதை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பையாகக் கட்டித் தரலாமா, விலை அவரவர் கொடுத்துவிடட்டும், இருபத்தைந்தாவது வருட நினைவாகவும் இருக்கும் என்றார். ஃப்ராவ் ஷூர்மன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "நினைவுப் பரிசுக்கு என்ன செய்வது என்று மூன்று மாதம் கூட்டம் போட்டோம், ஒன்றும் முடிவாகவில்லை!" என்றார்.

பைக்கு எங்கே போவது? மண்டபத்துக் களஞ்சியத்தில் நூற்றறுபது கடதாசிப் பைகள் கிடந்தன. போன வருடம் நடந்த ஒரு தமிழ்க் கல்யாணத்தில் மிஞ்சியவை. அவர்களும் எங்களைப்போலக் கணக்குப் போட்டவர்கள்தான். சிவப்புப் பை, பொன்னிற மயில், கீழே "துவாரகன் – லக்ஷ்மிப்ரியா திருமணம். வருகைக்கு நன்றி" என்று தமிழில் அச்சு. வேறு வழியில்லை. செல்வரட்ணத்துக்குப் போன் எடுத்தேன், சுஜீவாவையும் கூட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் வந்தார். பின்னறையில் நாலு பேரும் நிலத்தில் இருந்து கட்டினோம். றோசம்மா ஒவ்வொருவரையும் நினைவு வைத்திருந்தார். "மீசைக்காரருக்கு ஆம்பர் ரெண்டு, பேல் ஏல் ரெண்டு. அந்தப் பச்சைச் சட்டை மனுசிக்குக் கறுவாச் சைடர், ஒரு துண்டுப் பனங்கட்டியும் வையுங்கோ." சுஜீவா ஒவ்வொரு பைக்கும் ஒரு துண்டு எழுதினாள், எதை எதோடு குடிப்பது, எந்த வரிசையில் குடிப்பது என்று.

ஏழு மணிக்கு, வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்க, ஆட்கள் வெளிக்கிடத் தொடங்கினார்கள். றோசம்மா வாசலில் நின்றார். ஆளைப் பார்த்துப் பையை எடுத்துக் கொடுத்தார். முதல் பத்துப் பேர் ஆச்சரியத்தோடு வாங்கினார்கள். அதைக் கண்டதும் உள்ளே இருந்தவர்கள் ஆடுவதை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள். ஒழுங்கான டொச்சு வரிசை, வாசலில் இருந்து மேடைவரை. தன் பேர் சொல்லிக் கேட்காமலே தனக்குப் பிடித்தது பையில் இருப்பதைக் கண்டு ஒவ்வொருவரும் வாய் பிளந்தார்கள். ஹைன்ஸ் தம்பிக்கென்று இன்னொன்று கேட்டார். ஒரு பெண் அயலவருக்கென்று மூன்று வாங்கினாள். மயிலுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். வந்ததுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறது என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லைத்தானே.

கௌபாய் தொப்பியும் கல்யாணப் பையுமாக வெள்ளைக்காரர்கள் எல்லரின் தெருவால் நடந்துபோன காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். செல்வரட்ணம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். றோசம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடைசி ஆள் போனபிறகு பின்னறைக்குள் ஓடிப்போய் எண்ணினார். நான் வாசலிலேயே நின்றேன், கிட்டப்போகத் துணிவில்லை. உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அண்ணை! ரெண்டு! ரெண்டே ரெண்டு!"

பத்தொன்பது வருடம் சத்தம் போடாமல் வேலை செய்த பெண் போட்ட அந்தச் சத்தத்தில் மண்டபம் அதிர்ந்தது. சுஜீவா தாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "இடுப்பு, இடுப்பு" என்று கத்திக்கொண்டே றோசம்மா சுற்றினார்.

திங்கட்கிழமை காலையில் நானே என் வான் வண்டியில் வெறும் போத்தல்களையும் அந்த இரண்டு பெட்டிகளையும் கடைக்குக் கொண்டுபோனேன். வென்சல் கையில் பட்டியலோடு வந்து தானே எண்ணினார். திறந்த போத்தல்களையும் தூக்கிப் பார்த்தார். எல்லாம் அடிவரை காலி. ஒன்றில்கூட நாலு விரல் மிச்சமில்லை. அவர் எண்ணி முடித்த கையோடு கடைக்குள் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்தார்கள். மூன்று பேரின் கையில் மயில் போட்ட பை. "அந்தப் பெண்மணி இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். பையில் இருந்த அதே ஆம்பர் ஒரு பெட்டி வேண்டுமாம், அந்தப் பனங்கட்டியும் இங்கே கிடைக்குமா என்றார்கள்.

வென்சல் நல்ல மனிதர் என்று அன்றைக்குத்தான் கண்டேன். தோற்றதை முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டார். எல்லா வேலையாட்களையும் கூப்பிட்டார். லோரென்ஸின் மேசையில் றோசம்மாவை உட்காரவைத்து, ஒப்பந்தத்தை முன்னால் வைத்தார். ஐப்பசி முதலாம் தேதியில் இருந்து ஆலோசகர், நிரந்தர வேலை. றோசம்மா கையெழுத்துப் போட்டபோது பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தம்.

நல்ல காரியம் நடந்தால் செக்ட் என்கிற நுரை வைனை உடைத்துக் கிளாசோடு கிளாஸ் முட்டுவது இங்கே வழக்கம். வென்சல் முன்தட்டில் இருந்து ஒரு விலையான போத்தலை எடுத்து உடைத்து எல்லோருக்கும் ஊற்றினார். றோசம்மாவுக்குத் தோடம்பழச் சாறு ஊற்றப்போனவர், பிறகு நினைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் செக்ட்டையும் அவர் முன்னால் வைத்தார்.

"குடிக்கவேண்டாம். மணந்து பாருங்கள். இது உங்களுக்கான மரியாதை," என்றார்.

எல்லோரும் கிளாசை உயர்த்திக் காத்திருந்தார்கள். றோசம்மா குனிந்து மணந்தார். நிமிர்ந்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

"ஒருத்தரும் குடிக்காதேங்கோ," என்றார்.

"ஏன்?"

"முட்டைக்கோவா அவிச்ச தண்ணி மணக்குது. இது வெயில் பட்ட போத்தில். வெள்ளைக் கண்ணாடிப் போத்திலை யன்னலடியில அடுக்கினால் இப்பிடித்தான் வரும்."

வென்சல் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். முகம் கோணியது. கிளாசைத் தொட்டியில் கவிழ்த்தார். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். களஞ்சியத்து இருட்டில் இருந்து இன்னொரு போத்தல் வந்தது. அதை முதலில் றோசம்மாவிடம்தான் நீட்டினார்கள். அவர் மணந்து தலையாட்டிய பிறகுதான் ஊற்றினார்கள்.

"அப்படியென்றால் அந்த யன்னலடிப் போத்தல் தட்டை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டார் வென்சல். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கடையில் றோசம்மாவிடம் யாரும் எங்கே வைக்கலாம் என்று கேட்டதில்லை. எடு, தூக்கு, கொண்டுபோ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

றோசம்மா எழும்பி, கடையின் நடுவில் போய் நின்று, வெளிச்சம் வருகிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி இடத்தைக் காட்டினார். வென்சலும் இரண்டு வேலையாட்களும் தட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். றோசம்மாவும் பழக்கத்தில் குனிந்தார்.

"நீங்கள் தூக்கவேண்டாம்," என்றார் வென்சல். "சொல்லுங்கள், போதும்."

றோசம்மா நிமிர்ந்து, முதுகை நேராக்கி, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றார். நாங்கள் நகர்த்தினோம்.